அரூர் பக்கம் கிணற்று மேட்டில் கிடைத்த பழுப்புப் பகடைக் கல் – என்னவாக இருக்கும்?

அரூர்_கிணறு | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படிக்க மட்டும்தான் வந்திருக்கிறேன், எழுதுவது முதல் முறை.

எங்கள் மாமாவின் பட்டா நிலத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. தாத்தா காலத்தில் வெட்டியது, 45 அடி. இரண்டு கோடையாகத் தண்ணீர் நிற்கவில்லை என்று இந்த வருடம் 70 அடி வரை ஆழப்படுத்தினார்கள். வெளியே வந்த கல்லை வரப்போரம் கொட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே தாத்தா காலத்துக் கல்மேடு, முள் மண்டிக் கிடக்கிறது. பழைய மேட்டுப் பக்கம் ஆடு ஓட்டப் போனபோதுதான் இந்தக் கல் கண்ணில் பட்டது.

வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஒன்று, இரண்டு கை அகலம். அதில் பழுப்பு நிறத்தில் சதுரக் கட்டிகள் புதைந்திருக்கின்றன. எல்லாம் ஒரே வடிவம், லூடோ பகடை மாதிரி. ஒன்று தனியாகக் கழன்று விழுந்தது. அளந்தால் எல்லாப் பக்கமும் 15 மி.மீ. மூலைகள் அச்சில் வார்த்தது போல அவ்வளவு நேராக இருக்கின்றன. சில இடங்களில் கட்டி இல்லை, அது இருந்த சதுரக் குழி மட்டும் இருக்கிறது.

பாட்டி ‘இது கிட்டம்’ என்கிறார், அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவு. பழைய இரும்பு எடுக்கும் கடையில் காட்டினேன், இரும்புத்தாது, நிறையக் கிடைத்தால் கொண்டு வா என்றார்கள். மாமாவின் நண்பர் ஒருவர் புதையலுக்கு அடையாளம் என்று ஆரம்பித்துவிட்டார். பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினேன், பழுப்பு போகவில்லை. நாளைக்கு பாத்ரூம் ஆசிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் உள்ளே இருக்கும் நிறம் தெரியும் என்று நினைக்கிறேன். படமும் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்கனி_கிருஷ்ணகிரி | ஞாயிறு இரவு

தம்பி, ஆசிட்டில் போடாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ராயக்கோட்டை பக்கம் ரோடு அகலப்படுத்தியபோது எனக்கும் இதே போல ஒரு கல் கிடைத்தது. வெங்கச்சங்கல்லில் ஏழெட்டு பழுப்புக் கட்டி. துருக்கறை என்று நினைத்தேன். வெங்கச்சங்கல்லில் துரு போக ஆக்சாலிக் ஆசிட் போடு என்று எங்கோ படித்தது நினைவில் இருந்தது. மூன்று நாள் ஊறவைத்தேன். தண்ணீர் மஞ்சள் பச்சையாக மாறியது. கல் பளிச்சென்று வெளுத்து வந்தது. கட்டிகளின் மூலையெல்லாம் கரைந்து, முகத்தில் இருந்த மெல்லிய கோடுகள் போய், சாப்பிட்டு மீந்த வெல்லக்கட்டி மாதிரி ஆகிவிட்டன. நான் கறை என்று நினைத்ததுதான் அந்தக் கல்லே. பாத்ரூம் ஆசிட்டும் இரும்பு ஆக்சைடை அரிக்கும். அந்தக் கல்லை இன்னும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும்.

சோப்பும் வேண்டாம். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவு போதும். பாறை_வாத்தியார் சார் வந்து சொல்லட்டும்.

சித்தேரி_காற்று | திங்கள் காலை

பாட்டி சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நம் பக்கம் இரும்பு உருக்கிய ஊர்கள் ஏராளம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள், அதாவது ஏறக்குறைய 4200 வருடம். ஏர் ஓட்டும்போது கிட்டம் வராத காடு இங்கே குறைவு. கருப்பும் பழுப்புமாகக் கனமாக இருக்கும், பார்ப்பவர்கள் விண்கல் என்றே சொல்வார்கள்.

ஆனால் கிட்டத்தில் காற்றுக்குமிழ் ஓட்டைகள் இருக்கும், உருகி வழிந்த தடம் இருக்கும். ஆறு முகமும் நேராக வந்த கிட்டம் நான் பார்த்ததில்லை. உடையாத வெங்கச்சங்கல்லின் நடுவில் போய் அது உட்காரவும் வழியில்லை. அதனால் இந்தக் கல்லைப் பொறுத்தவரை கிட்டம் இல்லை என்றே நினைக்கிறேன். படத்தில் ஓரமாக ஒரு பானை ஓடு தெரிகிறது. பழைய மேட்டில் அது மாதிரி வேறு ஏதாவது தென்பட்டால் எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

பாறை_வாத்தியார் | திங்கள் மதியம்

தம்பி, நல்ல கண் உங்களுக்கு. அந்தச் சதுரக் குழிகளையும் சேர்த்து எழுதினீர்களே, அது மிக முக்கியம். பெயர் சொல்வதற்கு முன் வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே சில சோதனைகள் செய்யுங்கள். தனியாகக் கழன்ற கட்டி போதும், பெரிய கல்லைத் தொட வேண்டாம்.

ஒரு விசிட்டிங் கார்டின் மூலையைக் கட்டியின் மூலையோடு பொருத்திப் பாருங்கள். இடைவெளி தெரிகிறதா? அப்புறம் ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது. முகங்களில் கோடு இருக்கிறதா, இருந்தால் ஒரு முகத்தில் எந்தத் திசை, அடுத்த முகத்தில் எந்தத் திசை என்று படம் போட்டு வையுங்கள். தரையில் ஒட்டும் டைல்ஸின் பின்பக்கம், மெருகு இல்லாத இடத்தில், கட்டியின் உடைந்த ஓரத்தைத் தேய்த்தால் என்ன நிறத்தில் கோடு விழுகிறது? காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கிட்டே கொண்டு போங்கள், ஈர்க்கிறதா?

கடைசியாக எடை. தெரிந்த நகைக்கடையில் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குத் தராசு தருவார்கள். முதலில் கட்டியை அப்படியே நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, குமிழ் வருவது நின்ற பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கட்டியை நூலில் கட்டி அந்தத் தண்ணீருக்குள் முழுக விடுங்கள், அடியிலும் ஓரத்திலும் படக்கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வரும்.

எந்த ஆழத்தில் வந்த கல், பழைய மேடா புதிய மேடா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அரூர்_கிணறு | புதன் இரவு

எல்லாம் செய்தேன் சார்.

கார்டு மூலை எல்லா இடத்திலும் பொருந்துகிறது, வெளிச்சம்கூடப் புகவில்லை. கோடு இருக்கிறது! வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, லென்ஸில் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. ஒரு முகத்தில் நெடுக்காக ஓடினால் அடுத்த முகத்தில் குறுக்காக ஓடுகிறது. மூன்று முகம் சேரும் மூலையில் மூன்றும் மூன்று திசை. டைல்ஸில் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு விழுந்தது. காந்தம் அசையவில்லை. எடை 13.1 கிராம். தண்ணீரில் 3.5 காட்டியது. அப்படியானால் 3.74 என்று வருகிறது.

கல் பழைய மேட்டிலிருந்து எடுத்தது. அதாவது 45 அடிக்கு மேலே இருந்த பாறை.

தொப்பூர்_கணவாய் | புதன் இரவு

நான் கருப்பு கிரானைட் குவாரியில் பதினாலு வருடமாக இருக்கிறேன். சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழுப்பாகப் பகடை மாதிரி இருந்தால் உடனே எல்லோரும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த பித்தளை நிறக் கனிமம்) மாறியது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு சந்தேகம் எனக்கு.

ஒன்று, சிடரைட். இரும்புக் கார்பனேட். அதுவும் துருப்பிடித்துப் பழுப்பாகும், தூரத்தில் பார்த்தால் கட்டி மாதிரியே இருக்கும். ஆனால் அதன் மூலை சாய்ந்திருக்கும், நீங்கள் கார்டு வைத்துப் பார்த்துவிட்டதால் அது போய்விட்டது. கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் என்று யாராவது சொல்வார்கள், நம் பக்கத்து வரிவரியான நைஸ் (gneiss) பாறையில் கார்னெட் நிறைய உண்டு. அதற்குப் பன்னிரண்டு முகம் வரும், சதுரம் வராது. அதுவும் இல்லை.

இரண்டாவது சந்தேகம்தான் முக்கியம். மேலே மட்டும் துரு, உள்ளே பைரைட் அப்படியே இருக்கலாம். பாலிஷ் போட்ட ஸ்லாபில் குண்டூசித் தலை அளவு பைரைட் இருந்தாலே ஒரு மழைக்காலம் போனதும் சுற்றிலும் துருப்புள்ளி இறங்கிவிடும். எத்தனை ஸ்லாப் அதனால் திரும்பி வந்திருக்கிறது தெரியுமா? மேல்தோல் மட்டும் துருவாக இருந்தால் அதை முழுதாக மாறிய கல் என்று எழுதுவது சரியில்லை.

பாறை_வாத்தியார் | வியாழன் காலை

தொப்பூர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் எடை போடச் சொன்னேன்.

பைரைட்டின் அடர்த்தி 5. இந்தக் கட்டி முழுக்கப் பைரைட்டாக இருந்தால் 3.5 கன செ.மீ.க்கு 17.5 கிராம் இருக்க வேண்டும். 13.1தான் இருக்கிறது. கோதைட் என்ற இரும்புத் துருக் கனிமத்தின் அடர்த்தி 3.3-லிருந்து 4.3 வரை. 3.74 அதற்குள் அழகாக உட்காருகிறது. டைல்ஸில் விழுந்த மஞ்சள் பழுப்பும் கோதைட்டின் நிறம்தான். பைரைட் பச்சை கலந்த கருப்பாக விழும், ஹெமடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு செம்பழுப்பாக விழும். ஆக உடம்பு கோதைட்.

வடிவம் யாருடையது? கோதைட் தானாக வளர்ந்தால் ஊசி ஊசியாக, இல்லை திராட்சைக் கொத்து மாதிரி வளரும். ஆறு முகப் பகடையாக வளரவே வளராது. அடுத்தடுத்த முகத்தில் திசை மாறி ஓடும் அந்தக் கோடுகள் பைரைட்டின் கைநாட்டு. பைரைட் வளரும்போது சதுர முகமும் ஐங்கோண முகமும் மாறி மாறி எட்டிப் பார்ப்பதால் விழும் படிக்கட்டுகள் அவை. அந்தக் கோடு ஒரு மயிரிழைகூடக் கலையாமல் கோதைட்டில் நிற்கிறது என்றால், மாற்றம் அவ்வளவு மெதுவாக, அணு அணுவாக நடந்திருக்கிறது.

நடந்தது இதுதான். பைரைட்டில் இரும்பும் கந்தகமும். எடையில் பாதிக்கும் மேல், 53 சதவீதம், கந்தகம். வெங்கச்சங்கல் விரிசல் வழியே மழைத்தண்ணீர் இறங்குகிறது, காற்றும் கூடவே போகிறது. கந்தகம் கந்தக அமிலமாகித் தண்ணீரோடு போய்விடும். இரும்பு அதே இடத்தில் ஆக்சிஜனையும் நீரையும் பிடித்துக்கொண்டு கோதைட்டாக நிற்கும். தேரில் ஒரு வருடம் ஒரு சட்டத்தை மாற்றுகிறோம், அடுத்த வருடம் இன்னொன்று. கடைசியில் பழைய மரம் ஒன்றும் இல்லை, தேரின் உருவம் மட்டும் அதேதான். சில கட்டிகளில் இரும்பும் கரைந்து போய்விட்டது, அதுதான் நீங்கள் பார்த்த வெறும் குழிகள்.

இப்படி ஒரு கனிமத்தின் வடிவத்தில் இன்னொரு கனிமம் இருப்பதைத்தான் சூடோமார்ஃப் என்கிறோம். தமிழில் பொய்யுரு என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, இந்தக் கல்லில் பொய் எதுவும் இல்லை. நான் வகுப்பில் ‘மாற்றுரு’ என்றே சொல்லி வந்தேன். முன்னே என்னவாக இருந்தது, இப்போது என்னவாக இருக்கிறது, இரண்டையும் ஒரே கல் காட்டுகிறது. அதற்காகவே இதைச் சேர்ப்பவர்கள் உண்டு.

தொப்பூர் சொன்னதை முழுதாகத் தீர்க்க ஒரு வழி. பெரிய கல்லைத் தொடாமல், ஏற்கெனவே விரிசல் விட்ட கட்டி ஏதாவது மேட்டில் கிடந்தால் அதை மட்டும் உடைத்துப் பாருங்கள். புதிய மேட்டிலும் தேடுங்கள். 45 அடிக்குக் கீழே, நீர்மட்டத்தை ஒட்டி வந்த பாறையில் காற்று அவ்வளவாகப் போயிருக்காது. அங்கே என்ன இருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். கிணற்றுக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

ஓசூர்_லென்ஸ் | வியாழன் இரவு

மாற்றுரு என்ற பெயர் அருமை சார். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் மலை ஏறித் தேடுபவன் இல்லை, வாங்கிச் சேர்ப்பவன். என் அலமாரியில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுருக்கள்தான். மிகவும் பிடித்தது பொலிவியாவின் கோரோகோரோ சுரங்கத்துச் செம்பு. அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் ஆறு பக்கத் தூணாக வளர்ந்திருந்தது. அந்தத் தூண் அப்படியே செம்பாகிவிட்டது. உண்மையான உலோகச் செம்பு! கையில் எடுத்தால் கனம் வியக்க வைக்கும். நமீபியாவின் சுமெப் சுரங்கத்திலிருந்து நீல அசுரைட் பச்சை மலக்கைட்டாக மாறியது ஒன்று, கட்டைவிரல் அளவு. இரண்டும் செம்புக் கனிமங்கள். அந்தச் சுரங்கம் 1996-ல் மூடிவிட்டது, அதனால் பழைய சேகரிப்புகள் கைமாறினால்தான் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிளெண்டன் என்ற இடத்தின் பெயரால் கிளெண்டனைட் என்று ஒன்று இருக்கிறது. பொதுவாக ஐஸ் போலக் குளிர்ந்த கடலடிச் சேற்றில் வளரும் இகைட் என்ற கனிமம், சூடு ஏறியதும் நீரை விட்டுக் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாகிவிடும், முள்முள்ளான வடிவம் மட்டும் நிற்கும். ஒரு மலையில் அது கிடைத்தால் அந்தக் கடல் ஒரு காலத்தில் உறைபனிக் குளிரில் இருந்தது என்று சொல்லிவிடலாம். வெப்பமானி இல்லாத காலத்தின் வெப்பநிலை!

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெங்களூரில் ஒரு கண்காட்சியில் ‘கால்சைட் மேல் குவார்ட்ஸ் மூடி, உள்ளே கால்சைட் கரைந்துபோனது’ என்று ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். பாம்பு உரித்த சட்டை மாதிரி உள்ளே வெறுமையாக இருக்கும் வகை அது, இயற்கையில் நிஜமாகவே உண்டு. வீட்டுக்கு வந்து புற ஊதா விளக்கில் பார்த்தால் விளிம்பு முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒற்றினேன், குவார்ட்ஸ் பொடி பிசினோடு கையில் வந்துவிட்டது. எதற்கும் முதலில் விளக்கு, பிறகு லென்ஸ், அப்புறம்தான் பணம்.

கடையில் விற்கும் புலிக்கண் கல்லும் மாற்றுருதானே என்று கேட்பீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இழை குவார்ட்ஸாக மாறியது என்றுதான் நூறு வருடத்துக்கு மேலாகப் பாடப்புத்தகங்களில் இருந்தது. 2003-ல் ஹீனி, ஃபிஷர் என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து, இழை மாறவில்லை, பாறை விரிசல் விட விட இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன என்று எழுதினார்கள். எனக்கு அவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது, புலிக்கண்ணை மாற்றுரு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

சித்தேரி_காற்று | வெள்ளி காலை

அப்படியானால் திருவக்கரை கல்மரம்? மரம் சிலிக்காவாக மாறி, ஆண்டு வளையம்வரை தெரிகிறதே. அதுவும் மாற்றுரு என்று சொல்லலாமா?

பாறை_வாத்தியார் | வெள்ளி காலை

சிலர் சேர்ப்பார்கள், சிலர் மறுப்பார்கள். முன்பு இருந்ததும் கனிமமாக இருந்தால்தான் மாற்றுரு என்பது கறாரானவர்கள் கட்சி. மரம் கனிமம் இல்லையே. நடந்த வேலை ஒன்றுதான் என்பதால் நான் சேர்த்துக்கொள்வேன், தனித் தட்டில் வைப்பேன். கல்மரப் பூங்காவிலிருந்து ஒரு சிம்புகூட எடுக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே யாரும் கண்டுகொள்ளாத மாற்றுரு ஒன்று உண்டு. திருப்பத்தூர் அருகே சேவாத்தூர் வெர்மிகுலைட். காக்காப்பொன் ஏடுகள் தண்ணீர் பட்டு மெல்ல மாறினவை. ஏடு ஏடான வடிவம் அப்படியே இருக்கும். ஒரு துண்டைச் சூடு காட்டினால் அட்டைப்பூச்சி மாதிரி நீண்டு விரியும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

தொப்பூர்_கணவாய் | வெள்ளி இரவு

எங்கள் கருப்பு கிரானைட்டிலும் இருக்கிறது சார். அது உண்மையில் டோலரைட் டைக்தானே, பழைய பாறை விரிசலில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்தது. மெருகு போட்ட பரப்பை லென்ஸில் பார்த்தால் பைராக்சீன் என்ற கனிமக் கட்டையின் ஓரமெல்லாம் பச்சை இழையாக ஹார்ன்பிளெண்ட் என்ற வேறு கனிமம் ஆகியிருக்கும், கட்டையின் வடிவம் மாறாது. பதினாலு வருடமாகத் தினமும் கையில் பிடிக்கிற கல், இதற்கு ஒரு பெயர் உண்டு என்று இன்றுதான் யோசிக்கிறேன்.

அரூர்_கிணறு | ஞாயிறு மாலை

இன்று காலையிலிருந்து மேட்டில்தான் இருந்தேன். கை நடுங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.

பழைய மேட்டில் விரிசல் விட்ட கட்டி இரண்டு கிடைத்தது. ஒன்றை உடைத்தேன், உள்ளேயும் பழுப்பு, நடுவில் சின்ன ஓட்டை, ஓட்டையின் சுவரில் கருப்பாக மினுமினுப்பு. இரண்டாவது ஒரு பெரிய கல்லின் ஆழத்திலிருந்து வந்தது. உடைத்ததும் நடுவில் பித்தளை! மிளகு அளவுக்குப் பித்தளை நிறம் பளபளவென்று இருக்கிறது, சுற்றிலும் பழுப்பு வளையம்.

புதிய மேட்டில் அதே வெங்கச்சங்கல், அதே பகடை. ஆனால் பழுப்பு இல்லை, எல்லாமே பித்தளை நிறம். முகத்தில் அதே சீப்புக் கோடு. டைல்ஸில் பச்சைக் கருப்பாக விழுந்தது.

மாமாவைக் கூப்பிட்டு மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். கீழே இருந்தது, நடுவில் இருந்தது, மேலே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘அப்ப கிணறு வெட்டினது தண்ணிக்கு மட்டும் இல்லடா’ என்றார்.

இன்னொன்று. புதிய மேட்டுக் கல்லில் வெள்ளி நிறத்தில் ஏடு ஏடாக ஒன்று ஒட்டியிருக்கிறது. தொட்டால் வழுவழுப்பு, விரலில் கரி மாதிரி ஒட்டுகிறது. காகிதத்தில் எழுதுகிறது. இது என்ன?

பாறை_வாத்தியார் | ஞாயிறு இரவு

என் ஊகம் இதுதான். கீழே புதுப் பைரைட், நடுவில் பாதி மாறியது, மேலே முழுக்க மாறியது. மூன்றும் ஒரே கிணற்றில் கிடைப்பதும், அதை ஒருவர் கவனித்து எடுத்து வைப்பதும் அடிக்கடி நடப்பதில்லை. தனித்தனியாக எடுத்தால் மூன்றும் சாதாரணக் கல். பைரைட்டிலிருந்து மாறிய கோதைட் உலகம் முழுக்கக் கிடைக்கிறது, விலை ஒன்றும் பெரிதாக இல்லை. சேர்த்து வைத்தால் அந்த நிலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு தூரம் இறங்கியது, காற்று எங்கே நின்றது என்று காட்டும் வரிசை அது. தயவுசெய்து பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அந்த வெள்ளி ஏடு பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டாக இருக்கலாம், மாலிப்டினம் உலோகத்தின் தாதுவான மாலிப்டினைட்டாகவும் இருக்கலாம். அரூர் – ஊத்தங்கரை பகுதியில் வெங்கச்சங்கல் நரம்புகளில் மாலிப்டினைட் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய்ந்து வந்திருக்கிறது, பைரைட் அதன் கூட்டாளி. இரண்டும் நகத்தால் கீறலாம், இரண்டும் காகிதத்தில் எழுதும். மெருகு போட்ட பீங்கான் தட்டில் தேய்த்துப் பாருங்கள். கிராஃபைட் கருஞ்சாம்பலாக விழும், மாலிப்டினைட்டில் பச்சைச் சாயல் வரும். கனத்திலும் தெரியும், ஒன்றின் அடர்த்தி 2.2, மற்றது 4.7.

தொப்பூர்_கணவாய் | ஞாயிறு இரவு

என் சந்தேகம் தீர்ந்தது தம்பி. நடுவில் பித்தளை இருக்கிற அந்தக் கட்டிதான் மூன்றில் பெரிய விஷயம். மாறியது, மாறாதது இரண்டுக்கும் அதுவே சாட்சி.

மாங்கனி_கிருஷ்ணகிரி | திங்கள் காலை

மூன்றையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பழுப்புக் கட்டிக்கு ஒன்றும் ஆகாது. பித்தளை நிறத்தது ஈரக்காற்றில் வெள்ளை மஞ்சள் பொடியாக உதிர ஆரம்பிக்கலாம். அதில் வரும் அமிலம் அட்டைப்பெட்டியையும் கல்லோடு வைக்கும் விவரச் சீட்டையும் அரித்துவிடும். நம் ஊர் வறண்ட ஊர்தான், ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில் ஜாக்கிரதை. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத் தனியாக வையுங்கள். பாதி மாறியதையும் அப்படியே.

சீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் மாமனாருக்குத் தெரிந்த ஒருவர் நாற்பது வருடம் கல் சேர்த்தார். அவர் போன பிறகு மூன்று டிரங்குப் பெட்டி எங்களிடம் வந்தது. ஒன்றில்கூடச் சீட்டு இல்லை. குருந்தம் இருக்கிறது, எங்கே எடுத்தது? சித்தம்பூண்டியா, வேறெங்காவதா? அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்துதான் உலகம் முழுக்கக் கொரண்டம் என்கிறார்கள். அப்படிப்பட்ட கல் நாற்பது இருந்தும் எந்த ஊர்க் கல் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. ஊர், நிலம், ஆழம், மேடு, தேதி, எடுத்தவர். இன்றைக்கே எழுதுங்கள். மறந்துவிடும் என்று தோன்றாது, ஆனால் மறந்துவிடும்.

இணையத்தில் மட்டும் தாலுகாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்வே நம்பர் போட்டால் அடுத்த வாரம் மாமா வரப்பில் சுத்தியலோடு ஆள் நிற்கும்.

ஓசூர்_லென்ஸ் | திங்கள் இரவு

தீர்த்தமலையில் காந்தக்கல் பாறை இருக்கிறதே, அது ஹெமடைட்டாக மாறிய எட்டுமுகப் படிகங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டா? மார்ட்டைட் என்பார்கள். ஒரு நாள் போய் வரலாமா என்று பார்க்கிறேன்.

மாங்கனி_கிருஷ்ணகிரி | திங்கள் இரவு

போய் வாருங்கள், சாமி கும்பிடுங்கள், பாறையைக் கண்ணால் பாருங்கள். சுத்தியல் எடுத்துப் போக வேண்டாம். காப்புக்காட்டில் கல் எடுப்பது 1882-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே குற்றம். ஒகேனக்கல் பக்கம் 240 கோடி வருடப் பழமையான கார்பனடைட் (கார்பனேட் கனிமம் நிறைந்த பாறைக்குழம்பு உறைந்தது) பாறை இருக்கிறது, எனக்கும் ஆசைதான், அதைச் சுற்றிலும் காடும் சரணாலயமும். நாங்கள் போவது கிணற்று மேடு, ரோடு வெட்டிய மண், குத்தகைக்காரர் அனுமதி கொடுத்த குவாரிக் குப்பை. நிலத்துக்காரரிடம் கேட்காமல் பொறுக்குவதும் இல்லை. தொப்பூர் அண்ணா குவாரியில் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்.

தொப்பூர்_கணவாய் | திங்கள் இரவு

வெடி வைக்கிற நாளில் ஹெல்மெட் இருந்தாலும் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், முதலாளியிடம் கேட்டு வைக்கிறேன்.

அரூர்_கிணறு | செவ்வாய் இரவு

பீங்கான் தட்டில் தேய்த்தேன் சார், கருப்புக்குள் லேசாகப் பச்சை தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, உண்மையா என்று தெரியவில்லை. பகலில் வெயிலில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.

சீட்டு எழுதிவிட்டேன். மூன்றுக்கும் மூன்று, எண் போட்டு. நடுவில் இருப்பதற்கு எழுதியது இது, சரியா பாருங்கள்:

‘எண் 2. கோதைட், பைரைட்டின் மாற்றுரு, நடுவில் மாறாத பைரைட் மிச்சம். வெங்கச்சங்கல் நரம்பில். அரூர் தாலுகா, மாமாவின் கிணறு, பழைய கல்மேடு, 45 அடிக்கு மேலே, சரியான ஆழம் தெரியாது. விரிசல் விட்ட கட்டி, நானே உடைத்தது. எண் 1 புதிய மேட்டிலிருந்து, எண் 3 பழைய மேட்டிலிருந்து. மூன்றும் ஒரே கிணறு. ஆசிட் போடவில்லை.’

கீழே தேதியும் என் பெயரும் பாட்டி பெயரும். கிணறு வெட்டியபோது மேலே நின்று கல் வாங்கிக் கொட்டியது பாட்டிதானாம், நேற்றுதான் சொன்னார்.

பாறை_வாத்தியார் | செவ்வாய் இரவு

மிகச் சரி. ‘சரியான ஆழம் தெரியாது’ என்று எழுதினீர்களே, அதை யார் சொன்னாலும் அடிக்காதீர்கள். சர்வே நம்பரை வீட்டுச் சீட்டில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா மங்கிவிடும், பென்சிலில் எழுதுங்கள். எண்ணைக் கல்லிலும் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் சொட்டு வைத்து அதன் மேல் எழுதிவிடுங்கள், சீட்டும் கல்லும் பிரிந்தாலும் சேர்த்துவிடலாம். கோடு இருக்கும் முகத்தில் மட்டும் பெயிண்ட் வைக்க வேண்டாம்.

பாட்டியிடம் இன்னொரு தரம் கேளுங்கள். பழுப்புக் கல் எத்தனையாவது அடியில் வர ஆரம்பித்தது என்று அவருக்கு நினைவு இருக்கலாம்.